உறிஞ்சும் காடும் உமிழும் காடும்: வடபுலக் காடுகளின் கார்பன் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

2023ஆம் ஆண்டு கனடாவில் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. ஜூன் மாதத்தில் அதன் புகை தெற்கே நியூயார்க் வரை பரவியது. தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ வட்டாரமும் புகைமூட்டத்தில் மூழ்கியது. செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு பின்னர் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று, அந்த ஆண்டின் மே முதல் செப்டம்பர் வரையான ஐந்து மாதங்களில் அத்தீயிலிருந்து 64.7 கோடி டன் கார்பன் காற்றில் கலந்ததாகக் கூறியது. ஓராண்டில் புதைபடிவ எரிபொருளால் இதைவிட அதிகக் கார்பனை வெளியிடும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று மட்டுமே. ஆயினும் கனடா அரசு ஐக்கிய நாடுகள் அவைக்குச் சமர்ப்பிக்கும் பசுங்குடில் வாயுக் கணக்கின் கூட்டுத்தொகையில் இந்தத் தீயின் உமிழ்வு சேர்வதில்லை.

இதற்குச் சற்று முன்பு, 2022இன் இறுதியில், பின்லாந்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடாக உள்ள அந்நாட்டில், காடுகளையும் விளைநிலங்களையும் உள்ளடக்கிய நிலப்பயன்பாட்டுத் துறை 2021இல் முதன்முறையாக, உறிஞ்சியதைவிட அதிகமாக உமிழ்ந்துவிட்டது என்பது அச்செய்தி. கனடாவில் நடந்ததுபோன்ற பெருந்தீ எதுவும் அங்கே மூளவில்லை.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. ஒரு காடு கார்பனை உறிஞ்சுகிறது அல்லது உமிழ்கிறது என்று யார், எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? ஒரே காட்டைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்கள் எப்படி வெளிவருகின்றன? ஒரு நாட்டின் காடு முழுவதற்குமான கார்பன் வரவுசெலவை நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் இல்லை. சில இடங்களில் அளந்ததைக் கணினி மாதிரிகளின் வழியே விரித்துத்தான் அந்த எண் பெறப்படுகிறது. ஆகவே அந்த மாதிரி எதை உள்ளே எடுத்துக்கொண்டது, எதை வெளியே விட்டது என்பதே பல வேளைகளில் விடை கூட்டலா கழித்தலா என்பதைத் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை அதைத்தான் அடிப்படையிலிருந்து விளக்க முற்படுகிறது.

எந்தக் காடு, எங்கே இருக்கிறது கார்பன்

அலாஸ்காவில் தொடங்கி கனடா, ஸ்காண்டிநேவியா, பின்லாந்து, ரஷ்யா எனப் பூமியின் வடபகுதியைச் சுற்றிவரும் குளிர்நிலக் காட்டுப்பட்டையைப் போரியல் காடு என்றும், ரஷ்ய வழக்கில் தைகா என்றும் அழைக்கிறார்கள். உலகக் காடுகளின் பரப்பில் கால்பங்குக்குச் சற்று மேற்பட்டது இது. ஸ்புரூஸ், பைன், லார்ச் போன்ற ஊசியிலை மரங்களும், பிர்ச், ஆஸ்பென் போன்ற இலையுதிர் மரங்களும் இங்கே வளர்கின்றன. வெப்பமண்டலக் காட்டோடு ஒப்பிட்டால் மர இனங்கள் மிகக் குறைவு. மரங்களும் பெரும்பாலும் மெலிந்தவை.

ஆனால் இக்காட்டின் கார்பன் முதன்மையாக மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. விழுந்த ஊசியிலையும் வேரும் பாசியும் குளிரிலும் ஈரத்திலும் மிக மெதுவாகவே மட்குகின்றன. மட்கி முடிவதற்குள் அடுத்த அடுக்கு மேலே படிந்துவிடுகிறது. நூற்றாண்டுகளாகப் படிந்த இந்த அடுக்கில் உள்ள கார்பன், மேலே நிற்கும் மரங்களில் உள்ளதைவிட அதிகம். சதுப்பான இடங்களில் இது பீட் எனப்படும், அரைகுறையாக மட்கிய, பல மீட்டர் ஆழமுள்ள தாவரப் படிவமாகவே ஆகிவிடுகிறது. எனவே மரங்களை மட்டும் எண்ணி இக்காட்டின் கார்பன் கணக்கை முடிக்க முயல்பவர் கணக்கின் சிறிய பாதியை மட்டுமே பார்க்கிறார்.

செய்திகளில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சில அறிக்கைகள் கார்பனின் எடையைக் கூறுகின்றன, சில கார்பன் டை ஆக்சைடின் எடையைக் கூறுகின்றன. 1 டன் கார்பன் முழுதும் எரிந்தால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். மேலே சொன்ன 64.7 கோடி டன் கார்பன் என்பது, அந்த அலகில் எழுதினால், 230 கோடி டன்னையும் தாண்டும். இக்கட்டுரையில் வரும் எடைகள் யாவும் கார்பனுக்குரியவை.

நான்கு மட்டங்களில் ஒரு கணக்கு

காட்டின் கார்பன் வரவுசெலவைப் பேசும்போது நான்கு வெவ்வேறு அளவுகள் புழங்குகின்றன. இவற்றுள் எது சொல்லப்படுகிறது என்று தெரியாமல் எந்த எண்ணையும் மதிப்பிட முடியாது.

1. மொத்த உற்பத்தி: ஒளிச்சேர்க்கையால் இலைகள் ஓராண்டில் காற்றிலிருந்து எடுத்த கார்பன் முழுவதும்.

2. நிகர உற்பத்தி: மொத்த உற்பத்தியிலிருந்து மரஞ்செடிகளின் சொந்தச் சுவாசத்துக்குச் செலவானதைக் கழித்தபின் நிற்பது. மரமும் தன் திசுக்களைப் பேணவும் புதிய திசுக்களைக் கட்டவும் சர்க்கரையை எரிக்கிறது. எடுத்ததில் ஏறத்தாழ பாதி இவ்வாறு திரும்பிப் போய்விடுகிறது.

3. சூழல்தொகுதியின் நிகர வரவு: நிகர உற்பத்தியிலிருந்து, மண்ணில் உள்ள பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மட்கைச் சிதைத்து வெளியிடும் கார்பனைக் கழித்தபின் நிற்பது. அமைதியான ஓராண்டில் ஒரு குறிப்பிட்ட காட்டுத்துண்டு ஈட்டியது இது.

4. நிலப்பரப்பின் நிகர வரவு: மூன்றாவதிலிருந்து தீ, பூச்சித் தாக்குதல், மரவெட்டு, ஆற்றுநீரில் கரைந்து செல்வது ஆகிய இழப்புகளையும் கழித்து, பல்லாண்டுகளுக்கும் பரந்த நிலத்துக்கும் சேர்த்துப் பார்ப்பது.

வளிமண்டலத்தின் பார்வையில் பொருளுள்ளது நான்காவது மட்டுமே. ஆனால் கருவிகொண்டு நேராக அளக்க முடிவது பெரும்பாலும் மூன்றாவதைத்தான். இந்த இடைவெளியை நிரப்புவதே மாதிரிகளின் வேலை.

மிச்சம் சிறியது, பிழை பெரியது

தெற்குப் பின்லாந்தின் ஹூட்டியாலா என்னுமிடத்தில், 1962இல் விதைத்து வளர்க்கப்பட்ட பைன் காடு ஒன்றில், 1990களின் நடுவிலிருந்து ஓர் ஆய்வு நிலையம் இயங்கிவருகிறது. உலகில் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் காடுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு ஹெக்டேர் காடு ஓராண்டில் தோராயமாக 10 டன் கார்பனை ஒளிச்சேர்க்கையால் எடுக்கிறது. மரங்களின் சுவாசமும் மண்ணின் சுவாசமும் சேர்ந்து தோராயமாக 8 டன்னைத் திருப்பித் தருகின்றன. மிஞ்சுவது 2 டன்.

இந்த எண்களை வைத்து ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு மாதிரி வரவை 5 விழுக்காடு கூட்டியும் செலவை 5 விழுக்காடு குறைத்தும் கணித்துவிட்டதாகக் கொள்வோம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் மிகச் சிறிய பிழைகள். இத்துறையில் 5 விழுக்காட்டுக்குள் கணிப்பது பாராட்டுக்குரியது. ஆனால் வரவு 10.5 ஆகவும் செலவு 7.6 ஆகவும் மாறும்போது மிச்சம் 2.9 ஆகிவிடுகிறது, அதாவது உண்மையைவிட 45 விழுக்காடு அதிகம். மிச்சம் இன்னும் சிறிதாக உள்ள முதிர்ந்த காடுகளில் இதே அளவு பிழை கழித்தலைக் கூட்டலாகவோ கூட்டலைக் கழித்தலாகவோ மாற்றிவிடும். இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டைத் தேடுகிறோம் என்பதே இக்கணக்கின் அடிப்படைச் சிக்கல்; கீழே வரும் சிக்கல்கள் யாவும் இதன்மேல் ஏறி அமர்பவை.

கோபுரம் அளப்பது எது

மரமுடிகளுக்கு மேலே உயரும் கோபுரத்தில் இரண்டு கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஒன்று காற்றின் மேல்நோக்கிய, கீழ்நோக்கிய அசைவை நொடிக்குப் பத்து முறை பதிகிறது; மற்றது அதே வேகத்தில் கார்பன் டை ஆக்சைடின் செறிவைப் பதிகிறது. கீழிறங்கும் காற்றுச் சுழல்களில் அவ்வாயு மிகுந்தும், மேலேறும் சுழல்களில் குறைந்தும் இருந்தால் காடு எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இவை இரண்டும் சேர்ந்து மாறும் அளவைக் கணக்கிட்டு நிகர ஓட்டத்தைப் பெறுகிறார்கள். சுழல் உடன்மாறல் முறை என்பது இதன் பெயர்.

இம்முறை ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் தனித்தனியே அளப்பதில்லை. நிகரத்தை மட்டுமே தருகிறது. காற்றசையாத இரவுகளில், மண்ணிலிருந்து வெளிவரும் வாயு தரையோடு படிந்து சரிவுகளின் வழியே நழுவிவிடுவதால், கோபுரம் சுவாசத்தைக் குறைத்தே காட்டும். அத்தகைய நேரங்களின் பதிவுகளை நீக்கிவிட்டு, வெப்பநிலையோடு இணைந்த சமன்பாட்டால் அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். ஆக, அளவீடு என்று நாம் நம்பும் ஆண்டுத்தொகையிலும் ஒரு சிறிய மாதிரி ஒளிந்திருக்கிறது. இதைக் குறையாகக் கூறவில்லை. இன்றுள்ள முறைகளில் சிறந்தது இதுவே. ஆயினும் மாதிரியைக் கோபுரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம் என்ற கூற்றைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்வது நல்லது.

மாதிரிகள் இரு குடும்பம்

முதற்குடும்பம் நிகழ்முறை மாதிரிகள். பயோம்-பிஜிசி போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை இலையிலிருந்து தொடங்கிக் காட்டைக் கட்டுகின்றன:

1. ஒவ்வொரு நாளுக்கும் வெப்பநிலை, மழை, சூரிய ஒளி, காற்றின் வறட்சி ஆகியன உள்ளிடப்படுகின்றன.

2. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை உள்ளது என்ற இலைப்பரப்புக் குறியீட்டைக் கொண்டு, உறிஞ்சப்படும் ஒளி கணக்கிடப்படுகிறது.

3. தாவர ஆய்வாளர் ஃபார்குஹாரும் இரு சக ஆய்வாளர்களும் 1980இல் வகுத்த சமன்பாடுகளால் ஒளிச்சேர்க்கை கணிக்கப்படுகிறது. கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியின் வேகம், ஒளியின் அளவு ஆகிய இரண்டில் எது தட்டுப்பாடாக உள்ளதோ அதுவே விளைவைக் கட்டுப்படுத்தும் என்பது அவற்றின் சாரம். இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தனியே கணிக்கப்படுகிறது.

4. பெறப்பட்ட கார்பன் இலை, தண்டு, வேர் ஆகியவற்றுக்குப் பங்கிடப்படுகிறது. மண்ணில் நைட்ரஜன் போதாவிட்டால் வளர்ச்சி அங்கேயே தடைபடும். குளிர்மண்ணில் மட்குதல் மெதுவாக நடப்பதால் நைட்ரஜன் பற்றாக்குறை இக்காடுகளின் நிரந்தர நிலை.

5. உதிர்ந்தவை மண்ணின் பல்வேறு இருப்புகளுக்குச் செல்கின்றன. சில இருப்புகள் ஓரிரு ஆண்டுகளில் சிதைபவை, சில பல நூற்றாண்டுகள் நிற்பவை.

இரண்டாம் குடும்பம் இருப்புக்கணக்கு மாதிரிகள். கனடாவின் வனப்பணித் துறை உருவாக்கிய சிபிஎம்-சிஎஃப்எஸ்3 இவ்வகையின் முதன்மையான எடுத்துக்காட்டு. இது ஒளிச்சேர்க்கையைக் கணிப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் காடும் எந்த வயதில் எவ்வளவு மரம் தரும் என்று வனத்துறையினர் நெடுங்காலமாக அளந்து வைத்திருக்கும் வளர்ச்சி வளைவுகளை எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் எந்தப் பகுதி வெட்டப்பட்டது, எரிந்தது, பூச்சியால் மடிந்தது என்ற பதிவுகளை அதன்மேல் ஏற்றிக் கணக்கிடுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில், போரியல் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, மலைப்பைன் வண்டு பரவியபோது, 3.74 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 2000 முதல் 2020 வரை 27 கோடி டன் கார்பன் இழப்பு நேரும் என்று 2008இல் கணித்தவர்கள் இந்த மாதிரியையே பயன்படுத்தினார்கள். மரங்கள் மடிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இவ்வகை உறுதியான விடை தரும். ஆனால் கடந்தகால வளர்ச்சி வளைவு எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்பது அதில் பொதிந்துள்ள அனுமானம். வெப்பமும் வறட்சியும் மாறும்போது அந்த அனுமானம் ஆட்டங்காணும். நிகழ்முறை மாதிரி தட்பவெப்ப மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும். ஆனால் அதன் சமன்பாடுகளில் இடப்படும் பல அளவுருக்களில் ஒன்று பிசகினாலும் இல்லாத காட்டை வளர்த்துக் காட்டிவிடும். அரசுகள் இரண்டாம் வகையையும் எதிர்காலத்தை ஆராய்பவர்கள் முதல் வகையையும் நாடுவதற்கு இதுவே காரணம்.

உறைந்த மண் இளகும்போது

கனடாவின் மானிடோபா மாநிலத்தில் தாம்சன் நகருக்கு அருகே 120 ஆண்டு வயதுள்ள கருஸ்புரூஸ் காடு ஒன்று உண்டு. 1990களில் நாசாவும் கனடா ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய போரியஸ் என்ற பெரிய கள ஆய்வின் வடக்குத் தளங்களில் அதுவும் ஒன்று. கோபுர அளவீடு, மண்மேல் வைத்து வாயுவை அளக்கும் மூடிய அறைகள், கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு, மரம், பாசி, மண் ஆகியவற்றின் இருப்பெடுப்பு எனப் பல வழிகளில் அதன் கணக்கு பார்க்கப்பட்டது. 1994 முதல் 1997 வரை அந்த இடம் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 0.3 டன் கார்பனை இழந்ததாக முடிவு வந்தது. பாசியும் மரமும் 0.6 டன் சேர்த்தன, மண் 0.8 டன்னை இழந்தது. (பின்னப் பகுதிகளைத் தனித்தனியே முழுமைப்படுத்தியதால் கழித்தல் சிறிது முன்பின் இருக்கும்.)

இந்த 0.3 டன்னின் பிழை வரம்பு 0.5 டன். அதாவது கண்டிப்பாக இழந்தது என்றுகூட அந்த ஒற்றை எண்ணால் அறுதியிட முடியாது. அந்த ஆய்வின் உண்மையான கண்டுபிடிப்பு வேறு: மரங்கள் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தபோதே, அவற்றின் அடியில் ஆழமான மண் பழைய கார்பனை விட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது நலமான, வளரும் காடு.

மாதிரிகளுக்கு இது ஏன் கடினம்? பெரும்பாலான மாதிரிகள் மட்குதலின் வேகத்தை வெப்பநிலையோடு ஒரு வழுவழுப்பான வளைவால் இணைக்கின்றன. 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் இருமடங்காகும் என்பது வழக்கமான அமைப்பு. அப்படியானால் 1 டிகிரிக்கு உயர்வு ஏறத்தாழ 7 விழுக்காடு. உறைநிலைக்கு 1 டிகிரி கீழேயிருந்து 1 டிகிரி மேலே சென்றால் ஏறத்தாழ 15 விழுக்காடு. தாம்சன் காட்டின் மண்ணிலோ, உறைநிலை இளகியதும் மட்குதல் பத்து மடங்காயிற்று. நீர் உறைந்திருக்கும் வரை நுண்ணுயிர்களுக்கு அந்த உணவு எட்டாப்பொருள். உருகியதும் கதவு திறந்துவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும் மண்ணில், உருகல் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் சென்றது, எத்தனை வாரம் நீடித்தது என்ற இரண்டு எண்கள் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைவிட முக்கியமாகிவிடுகின்றன.

அந்த ஆழத்தை எது தீர்மானிக்கிறது? கோடையின் வெப்பம் மட்டுமன்று. தரையை மூடிய பாசியின் தடிமன் வெப்பத்தைக் கீழே விடாமல் தடுக்கிறது. பனியும் அவ்வாறே, குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே தடித்த பனி விழுந்தால் மண்ணின் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிவிடும், மண் குறைவாகவே உறையும். எனவே பாசியை ஒரு செடியாகவும், வெப்பக்காப்பாகவும், நீர்த்தேக்கியாகவும் ஒருசேரக் கணிக்காத மாதிரி இக்காட்டின் மண்ணைப் பற்றிச் சொல்வதை நான் எச்சரிக்கையோடுதான் ஏற்பேன். மரங்களுக்காக எழுதப்பட்டு, பின்னர் வடக்கே கொண்டுசெல்லப்பட்ட மாதிரிகள் பலவற்றில் பாசி நெடுங்காலம் இல்லவே இல்லை.

இளவேனிலின் வரவு, இலையுதிர்காலத்தின் செலவு

வெப்பம் கூடினால் வளரும் பருவம் நீளும், ஆகவே உறிஞ்சுதலும் கூடும் என்பது பாதி உண்மை. வடக்கே இளவேனில் முன்கூட்டி வரும்போது ஒளி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. பனி உருகியதும் ஒளிச்சேர்க்கை விரைந்து எழுகிறது. அக்டோபரில் வெப்பம் நீடித்தாலோ, நாள் சுருங்கி ஒளி மங்கிவிட்டதால் மரங்களால் அந்த வெப்பத்தைப் பயன்படுத்த இயலாது. கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்துள்ள மண் மட்டும் சுவாசித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுச் சராசரியை உள்ளிடும் மாதிரி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

தீயைச் சேர்த்தால்

மத்திய கனடாவின் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டுக்கு, பயோம்-பிஜிசியின் திருத்திய வடிவத்தைக் கொண்டு 1948 முதல் 2005 வரையான கணக்கைப் போட்ட ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அக்காலத்தில் அந்நிலப்பரப்பின் கார்பன் கணக்கை நடத்திச் சென்றது முதன்மையாகத் தீயில் ஏற்பட்ட மாற்றமே என்று அது காட்டியது. தட்பவெப்பம் ஆண்டுக்காண்டு ஏற்றத்தாழ்வை உண்டாக்கியது. சராசரியை நகர்த்தியது தீ.

ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். ஆண்டுக்கு நிலப்பரப்பில் 1 விழுக்காடு எரிகிறது, எரியும் ஒவ்வொரு ஹெக்டேரும் 20 டன் கார்பனை உடனே இழக்கிறது என்று கொள்வோம். முழு நிலத்துக்கும் சராசரியாக்கினால் இழப்பு ஹெக்டேருக்கு 0.2 டன். எரியாத காடுகள் சராசரியாக 0.2 டன் சேர்த்தால் வரவும் செலவும் சமம். எரியும் பரப்பு 2 விழுக்காடு ஆனால் இழப்பு 0.4 ஆகும், அப்போதே நிலப்பரப்பு உமிழும் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒளிச்சேர்க்கையை எவ்வளவு நுட்பமாகக் கணித்திருந்தாலும் இந்த ஒரு விழுக்காட்டு மாற்றத்துக்கு முன் அது நிற்காது. 2023இன் மதிப்பீட்டை எரிந்த பரப்பால் வகுத்துப் பார்த்தால், இழப்பு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 43 டன் என்று வருகிறது. கருஸ்புரூஸ் காடுகளில் எரிவதில் பெரும்பகுதி மரத்தண்டு அன்று, தரையின் மட்கடுக்கு.

தீயின் கணக்கு எரிந்த நாளோடு முடிவதுமில்லை. முதல் சில ஆண்டுகள் மடிந்த மரங்கள் மட்குவதால் அந்த இடம் உமிழ்ந்துகொண்டே இருக்கும். பின்னர் இளங்காடு எழும்பி விரைவாக உறிஞ்சும். நூறாண்டை நெருங்கும்போது வேகம் தணியும். ஆகவே ஒரு நிலப்பரப்பின் இன்றைய உறிஞ்சுதல், பல பத்தாண்டுகளுக்கு முன் அங்கே எப்போது தீ வந்தது என்பதன் எதிரொலி.

இங்கே மாதிரிகளில் ஒரு மறைவான சிக்கல் எழுகிறது. மண்ணில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பதை எல்லா இடங்களிலும் தோண்டிப் பார்க்க முடியாது. எனவே மாதிரியைப் பழைய தட்பவெப்பத்தில் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடவிட்டு, வரவும் செலவும் சமமாகும் நிலையை எட்டியதும் அதையே தொடக்க இருப்பாகக் கொள்கிறார்கள். ஒவ்வொரு நூற்றாண்டும் ஓரிரு முறை எரியும் காடு அத்தகைய சமநிலையை ஒருபோதும் அடைவதில்லை. தொடக்க இருப்பு மிகுந்தால் மட்கும் பொருளும் மிகும், மண்ணின் செலவு கூடும். குறைந்தால் காடு உண்மையைவிட அதிகம் உறிஞ்சுவதாகத் தோன்றும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு தீ மட்கடுக்கின் மேற்பகுதியை மட்டும் எரித்து, ஆழத்தில் முந்தைய தலைமுறைக் காடு விட்டுச்சென்ற கார்பனை மிச்சம் வைத்தால், அந்த மரபுக் கார்பன் தொடர்ந்து குவியும்; தீ வந்தும் காடு நெடுநோக்கில் உறிஞ்சியாகவே இருக்கும். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் 2014இல் எரிந்த காடுகளின் மண்ணைக் கதிரியக்கக் கார்பனால் ஆராய்ந்தபோது, முந்தைய தீக்குப் பின் 60 ஆண்டுகள் ஆகாத இளங்காடுகளில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபுக் கார்பன் எரிந்திருந்தது தெரியவந்தது. எரிந்த ஹெக்டேரின் எண்ணிக்கை மட்டும் போதாது, தீக்களுக்கு இடைப்பட்ட காலமும் எரிந்த ஆழமும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரசுக் கணக்கின் எல்லைக்கோடு

இப்போது தொடக்கத்தில் கண்ட முரண்பாட்டுக்குத் திரும்பலாம். நாடுகள் தம் கணக்கில் மனிதச் செயலால் விளைந்ததை மட்டும் அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. காட்டில் மனிதச் செயலையும் இயற்கையையும் பிரிப்பது இயலாதென்பதால், நிர்வகிக்கப்படும் காட்டில் நடப்பதெல்லாம் மனிதச் செயல் என்று கொள்ளும் ஏற்பாடு உருவானது. கனடா இதில் மேலும் ஒரு கோடு போடுகிறது:

1. நிர்வகிக்கப்படாத வடக்குக் காடுகள் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

2. நிர்வகிக்கப்படும் காட்டிலும், காட்டுத்தீயில் அழிந்த பகுதி இயற்கை இடர் என்று தனியே பிரிக்கப்படுகிறது. அதன் உமிழ்வு தனிப் பட்டியலில் வெளியிடப்பட்டாலும் நாட்டின் கூட்டுத்தொகையில் சேர்வதில்லை.

3. அந்தப் பகுதி மீண்டும் வளர்ந்து வெட்டுவதற்குரிய முதிர்ச்சியை எட்டியதும் மனிதச் செயலுக்குரிய காட்டோடு சேர்க்கப்படுகிறது. அப்போது அதன் உறிஞ்சுதல் கூட்டுத்தொகையில் இடம்பெறுகிறது.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. தீ ஓராண்டு பெருகி மறு ஆண்டு தணியும்போது, அரசின் கொள்கையால் விளைந்த மாற்றத்தை அந்த ஏற்றத்தாழ்வு மறைத்துவிடும். ஆனால் நெடுங்காலத்துக்கு முன் எரிந்து முளைத்த காடு இன்று உறிஞ்சுவதை வரவில் வைத்து, இன்று எரிவதைச் செலவில் வைக்காமல் விடுவது சாய்ந்த தராசு என்ற விமர்சனம் வலுவானது; எனக்கும் அது சரியென்றே படுகிறது. செயற்கைக்கோள் காற்றிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து பின்னோக்கிக் கணித்த 64.7 கோடி டன் இத்தகைய கோடு எதையும் அறியாதது. இரண்டு எண்களும் அவரவர் வரையறைக்குள் சரியானவை. அவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வைப்பதே தவறு.

பின்லாந்தின் கதை வேறு. அங்கே எல்லை மாறவில்லை, மண்ணைக் கணிக்கும் முறை மாறியது. மரவெட்டு உயர்ந்த அளவில் நின்றது; 2022இல் ரஷ்ய மர இறக்குமதி நின்றதால் உள்நாட்டுக் காடுகளின்மேல் சுமை கூடியது. தேசிய வனக் கணக்கெடுப்பில் மரங்களின் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 10.8 கோடி கனமீட்டரிலிருந்து 10.3 கோடியாக இறங்கியது. பைன் மரங்களின் வளர்ச்சி தளர்ந்ததே இதற்கு முக்கியக் காரணம். இவற்றோடு, இருபதாம் நூற்றாண்டில் மரம் வளர்ப்பதற்காக வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்பட்ட பீட் நிலங்கள் சேர்ந்தன. நாட்டின் பீட் நிலத்தில் ஏறத்தாழ பாதி இவ்வாறு வடிக்கப்பட்டது. நீர் வடிந்ததும் காற்றுப் புகுந்து, ஆயிரமாயிரம் ஆண்டுப் படிவம் மட்கத் தொடங்கியது. வெப்பம் ஏற ஏற அது விரைகிறது. இந்த நிலங்களின் உமிழ்வை வெப்பநிலை மாற்றத்தோடு இணைத்துக் கணிக்கும்படி முறை திருத்தப்பட்டபோது, முன்பு உறிஞ்சியவையாகக் காட்டப்பட்ட ஆண்டுகளின் எண்களும் பின்னோக்கி மாறின. 2025இன் தொடக்கத்தில் வெளியான கணக்கில் காட்டு நிலம் தனியாகவே உமிழும் பக்கம் நின்றது. உயிருள்ள மரங்கள் இன்னும் உறிஞ்சினாலும், மண்ணின் இழப்பு அதை மிஞ்சியிருந்தது. 2035க்குள் கார்பன் நடுநிலையை எட்டுவதாகச் சட்டம் இயற்றிய நாட்டுக்கு இது சிறிய செய்தி அன்று. அத்திட்டத்தில் எஞ்சிய உமிழ்வை ஈடுகட்டும் பொறுப்பு காட்டிடம் விடப்பட்டிருந்தது.

உலக அளவிலும் சாய்வு தென்படுகிறது. நிலத்தளக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2024இல் வெளியான மதிப்பீடு, போரியல் காடுகளின் உறிஞ்சும் திறன் 1990களோடு ஒப்பிட 2010களில் 36 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறியது.

எரிந்த இடத்தில் எது முளைக்கும்

மாதிரியாளர்கள் இன்னும் தீர்க்காத கேள்விகளுள் மிகப் பெரியதாக எனக்குத் தோன்றுவது இது. பெரும்பாலான மாதிரிகள், ஸ்புரூஸ் எரிந்த இடத்தில் ஸ்புரூஸே மீண்டும் வரும் என்று கொள்கின்றன. தீ ஆழமாக எரித்துக் கனிமமண் வெளிப்பட்டால், சிறிய விதைகளைக் காற்றில் பரப்பும் ஆஸ்பெனும் பிர்ச்சும் முந்திக்கொள்கின்றன. அலாஸ்காவின் உட்பகுதியில் 2004இல் எரிந்த கருஸ்புரூஸ் காடுகளைத் தொடர்ந்து கண்காணித்து 2021இல் வெளியான ஆய்வில், இலையுதிர் மரங்கள் எழுந்த இடங்கள் ஸ்புரூஸ் எழுந்த இடங்களைவிடப் பல மடங்கு விரைவாகக் கார்பனைச் சேர்த்தது தெரிந்தது. அடுத்த தீ வருமுன் அவை தீயின் இழப்பை ஈடுசெய்துவிட்டு மேலும் சேர்க்கக்கூடும். அவற்றின் இலைகள் ஈரமானவை, எளிதில் பற்றாதவை என்பதால் அடுத்த தீயும் தாமதமாகலாம்.

ஆனால் அந்தக் கார்பன் இப்போது மண்ணின் குளிர்ந்த அடுக்கில் இல்லை, மரத்தண்டில் நிற்கிறது. வறட்சியும் பூச்சியும் அதை அடையும் வழி எளிது. பாசியடுக்கு மீளாததால் கீழே உறைமண் இளகும் ஆழமும் கூடும். ஒரு மாதிரியில் இனமாற்றத்தைச் சேர்த்துவிட்டு உறைமண்ணைச் சேர்க்காவிட்டால் விடை நம்பிக்கையூட்டும்; உறைமண்ணைச் சேர்த்துவிட்டு இனமாற்றத்தை விட்டுவிட்டால் அச்சமூட்டும். இரண்டையும் ஒருசேரக் கணிக்கத் தேவையான களத்தரவு இன்னும் சில இடங்களிலிருந்தே கிடைக்கிறது.

தீக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் எந்த நாற்றுகள் ஊன்றுகின்றனவோ, அவையே பல பத்தாண்டுகளுக்கு அந்தக் காட்டின் இயல்பைத் தீர்மானிக்கின்றன. ஆகவே 2023இல் எரிந்த நிலத்தின் அடுத்த நூறாண்டுக் கணக்குக்குத் தேவையான தொடக்க எண், எரிந்த தரையில் சதுர மீட்டருக்கு எத்தனை ஸ்புரூஸ் நாற்று, எத்தனை ஆஸ்பென் நாற்று, அடியில் எத்தனை சென்டிமீட்டர் மட்கு மிச்சம் என்பதே. அதை இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நேரில் சென்று எண்ணிப் பதிந்தாக வேண்டும். அதற்குப் பின் மரங்கள் வளர்ந்து, மட்கு மூடி, அந்த எண் எடுக்க முடியாததாகிவிடும்.